நகராத மூன்றாவது கறை

4.1, ஞாயிறு
மூட்டம். பாதி பனி, பாதி சிப்காட் புகை. பத்தரைக்குத்தான் வெயில்.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பது நாள். தலைப்பு அவர்களே கொடுத்தது: வானியல் படமெடுப்பு ஆய்வும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும். வகுப்பில் கை தூக்கியது நான் மட்டும்.

வீட்டுக்கு எடுத்து வந்த பள்ளித் தொலைநோக்கி வழியாகச் சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்து வரைந்தேன். கறை மூன்று! அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, இது ஒண்ணு மட்டும் நவுறவே இல்ல? கண்ணாடிய தொடச்சியா?"

சூரியன் நகர்ந்தபோது இரண்டு கறை கூடவே போயின. மூன்றாவது அங்கேயே. கண்ணாடியில் கரித்தூசி. ச்சே. அம்மா பேரிங் கம்பெனி செக்கிங்கில் பதினோரு வருடம் கீறல் பார்த்தவள்.

7.1, புதன்
நூலகம். வானியல் ஆய்வாளர்கள் முதலில் வெறும் வெள்ளைத் திரையைப் படமெடுப்பார்களாம். அதில் தெரியும் தூசியை நட்சத்திரப் படத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம். அம்மாவிடம் சொன்னேன்.

"அட, எங்க கம்பெனி கேமராவும் அதத்தான் பண்ணுது. மொதல்ல காலி தட்ட போட்டோ எடுக்கும். அப்புறந்தான் கீறல் தேடும்."

அந்தக் கேமரா வந்தபின் செக்கிங்கில் எட்டுப் பெண்களில் மீதி இருவர். அம்மா இப்போது பேக்கிங். பெட்டி தூக்கி இடுப்பில் பிளாஸ்திரி.

சார்ட்டின் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் கேமரா. கடைசி வரி: 'வளர்ச்சி யாருக்கு வந்தது? யாரிடமிருந்து போனது?' அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "எம்பேரு வாணாம். ஆனா அந்த வரி இருக்கணும்."

12.1, திங்கள்
அறிவியல் சார் சார்ட்டை ஒரு விரலால் தள்ளினார். "பென்சில் வட்டத்த எவம்மா பாப்பான்? ஜட்ஜே கம்பெனி ஆளு. இதுல செக்கிங், பொம்பளைங்கன்னு… பேஜாரு."

என் சார்ட்டுக்குப் பதிலாக சார் அடித்த புது ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. இணையத்தில் எடுத்த ஊதா நிற விண்மீன் மண்டலம். மேலே ஏறும் சிவப்பு அம்பு. ஓரத்தில் புகையே வராத புகைபோக்கி! எந்த ஊரில் இருக்கிறது அது?

பக்கத்து பெஞ்சு ஸ்டெல்லா: "கல்யாண பேனர் மாரி கீதுடி. மாப்ள போட்டோதான் பாக்கி."

சிரிப்பு வரவில்லை. என் சார்ட்டைச் சுருட்டினேன்.

13.1, செவ்வாய்
திருவள்ளூர், கண்காட்சி. நல்ல வெயில். வரையவில்லை.

ஜட்ஜ் வந்தார். சென்ட் வாசனை. "இந்தப் படம் யாரு எடுத்தது?"

"எங்க பொண்ணுதான் சார்," என்றார் சார்.

"நீயாம்மா?"

மேசைக்கடியில் சுருட்டி வைத்த என் சார்ட். கால் விரல் அதில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தொலைநோக்கியில் சனியின் வளையம்கூட ஒழுங்காகத் தெரியாது.

"ஆமா சார்."

முதல் பரிசு. மாநிலப் போட்டிக்குத் தேர்வு. சார் முதுகில் தட்டினார்: "பொழச்சிக்குவ!" அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது. அவர் மேல் மட்டும் அருவருப்பு என்று எழுதினால் அதுவும் பொய்.

கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் அம்மா, பேக்கிங் சட்டையோடு. மெடலைத் தொட்டுப் பார்த்தாள். "அந்த வரிய படிச்சாங்களா? இன்னா சொன்னாங்க?"

"படிச்சாங்கம்மா. நல்லாருக்குன்னாங்க."

அம்மா என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பேரிங்கைத் திருப்புவது போல. கொஞ்ச நேரம் பார்த்தாள். விட்டுவிட்டாள். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தாள்.