பிளாட்பாரத்தில் ஒரு பொம்மை

அன்புள்ள மகனுக்கு,

நம் ஊர் ரயில் ஸ்டேஷனைப் பார்த்து அப்பா அட்டையில் செய்த மாதிரியை நான் உடைத்துவிட்டதாக உன் அக்கா சொல்லித் திரிகிறாளாம். உடைக்கவில்லை. பிளாட்பாரத்திலிருந்து ஒரு பொம்மையை மட்டும் பெயர்த்தெடுத்தேன்.

நீ வீட்டைவிட்டுப் போன நாளின் ஸ்டேஷன் அது. பெஞ்சில் உடைந்திருந்த பலகைவரை அளவு பிசகாது. ஆனால் உன் ரயிலுக்குக் கையசைத்தபடி என்னையும் ஒரு பொம்மையாக நிற்கவைத்திருந்தார்.

"நான்தான் வரவே இல்லையே, கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுலதானே இருந்தேன்?" என்றேன்.

"அவன் ஜன்னல் வழியா உன்னைத்தான்டி தேடினான்," என்றார்.

அவர் இருந்தவரை நான் அதைத் தொடவில்லை. வராத இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது, போன மாதம் எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் காலி இடத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்ப வைக்கலாமா? நீதான் சொல்ல வேண்டும். போன் வேண்டாம், எழுதிப் போடு.

அம்மா