குழாயைத் திறந்துவிட்டு ஒரு ஜெபம்

என்னங்க,

சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. சூப்பைச் சூடு பண்ணிக் குடிங்க. இன்னைக்கு உப்பு சரியாத்தான் இருக்கு. நேத்து வேணும்னேதான் அள்ளிப் போட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமே!

பாதிரியார் நாக்கை அடக்குறதைப் பத்திப் பேசின நாள்லேர்ந்து இப்படித்தான். கோபம் வந்தா விறுவிறுன்னு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கிறீங்க. வெளிய வரும்போது சாதுவா சிரிக்கிறீங்க. திட்டினாலாவது மனசுல என்ன இருக்குன்னு தெரியும்.

நேத்து கதவுல காதை வெச்சுக் கேட்டேன். ஜெபம்தான் பண்றீங்க. ஆனா தண்ணிச் சத்தத்துல என் பேர் மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ஆண்டவர்கிட்ட என்னைப் பத்திக் கோள் மூட்டுறீங்களா? என் பக்கத்து நியாயத்தை அவர்கிட்ட யார் சொல்றது?

சாயங்காலம் எங்க அண்ணன் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வருவார். காப்பி போட்டுக் கொடுங்க. உங்க ஸ்கூட்டர்ல கீறல் போட்டது அவர்தான். அவர் வர்றதுக்குள்ள ஒருதடவை குழாய்கிட்ட போயிட்டு வந்துடுங்க.

பி.கு.: ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்தே ஜெபம் பண்ணுவோம். என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ, என் காது கேக்கவே சொல்லுங்க. குழாயை மூடிட்டு.