நூல் பிடித்துப் பார்த்த சைக்கிள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும் என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியில் நாங்கள் நலம் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை, பொய்யை எழுதிவிட்டு எந்த முகத்தோடு பிரார்த்தனைக்கு உட்காருவது. போனில் சொல்லலாம்தான், ஆனால் மணி அடித்ததுமே அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இப்போது தூங்குகிறார், அதனால் கடிதம்.

நீ அனுப்பிய பின்சக்கரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பார்சலைத் தானே பிரிப்பேன் என்று அப்பாவுக்குப் பிடிவாதம், ஒரு கையால் டேப்பை உரிக்க அரைக் காலை போனது, கிட்டப் போனால் முறைப்பு. சக்கரத்தை மடியில் வைத்துச் சுற்றிவிட்டு அந்த டிக்டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார், கல்யாணத்தன்று என் பக்கம்கூட இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்று சொன்னேன், நீ இவ்வளவு நைசாகச் சுற்றமாட்டாய் என்றார். சிரித்தோம். நான் சிரித்துக் கொஞ்ச நாளாகிறது.

உனக்குத் தெரியும், பக்கவாதம் வந்து இடது கை விழுந்ததும் இனி சைக்கிள் கிடையாது என்றுதான் நானும் டாக்டரும் நினைத்தோம். அவருடைய அந்தக் காலத்துப் பந்தய சைக்கிளில் கியர் லீவர் கீழே ஃப்ரேம் குழாயில் இருக்கிறது, கியர் மாற்ற வலது கையை எடுத்தால் இடது கை தனியாக ஹேண்டில்பாரைப் பிடிக்கணும், அது பிடிக்காது. இப்போதெல்லாம் பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் வலது விரலுக்கே வந்துவிடும் என்று நீ படம் அனுப்பினாயே, அன்றைக்குத்தான் மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, பழைய பாகங்களைக் கழற்றி, கிரீஸை வழித்து, ஃப்ரேமைத் துடைத்துத் துடைத்து மூக்குக்கண்ணாடி மாதிரி ஆக்கினார். உனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னேன் என்பது எனக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்.

புதுச் சக்கரம் பழைய ஃப்ரேமில் உட்காரவில்லை. அச்சு நாலு மில்லிமீட்டர் அகலம் அதிகமாம். இரும்பு ஃப்ரேம்தானே, விரித்துக்கொள்ளலாம் என்று மரை போட்ட நீளக் கம்பியைச் சக்கரம் மாட்டும் பின்கவைக்கு நடுவில் வைத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி விரித்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். கம்பி ரெண்டு பக்கமும்தான் தள்ளும், ஆனால் இளக்கமான பக்கம் முதலில் வளைந்துகொடுக்குமாம், அதனால் திருகத் திருக ரெண்டு பக்கத்தையும் அளந்துகொண்டே வரணுமாம். அளந்துகொண்டுதான் இருந்தார். சரியாக இருக்கிறது சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சக்கரத்தை மாட்டினால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய் நிற்கிறது, எனக்கே தெரிகிறது. அவர் பார்த்துவிட்டு, நேராகத்தானே இருக்கிறது, உனக்குக் கண்ணாடி மாற்றணும் என்றார்.

அப்புறம்தான் தெருமுனை சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டேன், ஒல்லியாக இருப்பாரே, அப்பா ஊசி என்று கூப்பிடுவாரே, அவர்தான். வந்தவர் ஒரு நூலை எடுத்தார். பின்கவையின் ஒரு முனையில் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் கட்டினார். நடுக் குழாய்க்கும் நூலுக்கும் நடுவில் ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் ஃப்ரேம் நேர் என்று அர்த்தம். வலது பக்கம் ஒரு விரல் நுழைந்தது, இடது பக்கம் ரெண்டு விரல் தாராளமாகப் போனது. சார், இடது பக்கம் கோணிக்கொண்டது பாருங்கள் என்றார். அப்பாவுக்குக் கோபம். நான் பந்தயம் ஓட்டும்போது உனக்கு அரைஞாண் கயிறுகூடக் கட்டியிருக்கமாட்டார்கள், எனக்கு நூல் பிடிக்கச் சொல்லித்தருகிறாயா ஊசி, ரெண்டும் ஒரே அளவுதான் என்றார். சரி, தொட்டுக் காட்டுங்கள் சார் என்றார் அவர்.

அப்பா வலது பக்கம் விரலை விட்டுக் காட்டினார். இது ஒன்று என்றார். அப்புறம் கையை எடுத்து, மறுபடியும் அதே வலது பக்கம் விரலை விட்டு, இது ஒன்று, ரெண்டும் சமம்தானே என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வாசலில் வைத்து, அக்கா, ஃப்ரேமுக்கு ஒன்றுமில்லை, அரை நாளில் நிமிர்த்திவிடுவேன் என்றார்.

அம்மாடி, மருந்து எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு, தட்டில் எவ்வளவு மிச்சம், எல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கிறவள் நான். பாதித் தட்டை மிச்சம் வைக்கிறார், பசியில்லை என்று எழுதினேன். அன்று ராத்திரி தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்றார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், இடது தோள்தான் எப்போதும் கன்றிப்போயிருக்கிறது, வீடு குறுகல் என்று நினைத்தேன். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். கண்ணில் கோளாறு இல்லையாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டதாம், விட்டதும் அவருக்குத் தெரியாதாம். திரும்புமா என்றேன். திரும்புவதாக இருந்தால் முதல் சில மாதங்களிலேயே திரும்பியிருக்கும் என்றார், நல்ல மனிதர், என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். சொல்லிப் புரியவைக்கலாமா என்றேன், சொல்லிப்பாருங்கள் என்றார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த டாக்டருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்.

ஃப்ரேமை நிமிர்த்தியாகிவிட்டது, சக்கரம் நேராக நிற்கிறது, லீவர் பூட்டியாகிவிட்டது, ஒயர் இழுத்தாகிவிட்டது. இனிச் செயின் ஒன்றுதான் பாக்கி, அது இங்கே கிடைக்காது, நீ அனுப்பினால்தான். அது வந்தால் மறுநாள் காலையிலேயே தெருவில் இறங்குவார். இடது பக்கத்திலிருந்து வரும் லாரியை அவர் பார்க்கமாட்டார், ஹாரன் கேட்டால் வலது பக்கம் திரும்பித் தேடுவார். செயின் வராவிட்டால் மறுபடியும் சுவர்தான். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், நல்லதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆண்டவனிடமும் கேட்டுவிட்டேன். அவன் பேசாமல் இருப்பதைக் கோபம் என்றும் எடுத்துக்கொள்ள முடியவில்லை, பதில் என்றும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் செயின் அனுப்பாதே. கடையில் இல்லை, தபாலில் தொலைந்தது என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே, அவர் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அது இதைவிடக் கொடுமை. அனுப்பமாட்டேன் என்றே எழுது. அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று எழுது. உன்மேல் அவருக்கு வருத்தம் வரக்கூடாது, அவருக்கு மிச்சம் இருப்பது நீ. என்மேல் வரட்டும், பக்கத்திலேயே இருக்கிறேன், திட்டுவதற்காவது வாயைத் திறப்பார். நீ செய்ததில் தப்பு ஒன்றுமில்லை, அதை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே. உடனே கிளம்பியும் வராதே, வந்தால் செயினோடு வந்திருக்கிறாய் என்று நினைத்துவிடுவார்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையை இருமலுக்கு வைத்தியரைப் பார்க்கச் சொல். ஆண்டவன் உங்கள் ரெண்டு பேரையும் எல்லாப் பக்கமும் காத்து நிற்கட்டும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், அம்மா தானாகப் படித்தவள்தானே.

மறந்துவிடாதே, அப்பாவுக்கு எழுதுவதைத் தனித்தாளில் எழுது. எழுதும்போது தாளை நெடுக்காக மடித்து, வலது பாதியில் மட்டும் எழுது. இடது பக்கம் எழுதினால் படிக்கமாட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா