கறுப்புக் கண்ணாடி வாகனத்தில் ஏறாதே

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

அன்பு மகன் பிரதீசுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். நீ கை கால் குறையாமல் இருக்க முத்துமாரியம்மனைத் தினமும் கேட்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் இறங்கிவிட்டது, உன் தங்கை நிஷாந்தினிக்குத் தெமட்டகொடையில் வாடகை வீடு கிடைத்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது கீழ்வீட்டு நிம்றா டீச்சர். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கேட்டதும் கண்டதும் மறக்காது. டீச்சர் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவார். போனில் பேசினால் அம்மா கேட்டுவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நீ எக்குவடோருக்குப் போன இந்த மூன்று வருஷத்தில் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். மேற்கே மலை, கீழே ஓயாத மழைக்காடு, றோட்டோடு ஒட்டி எண்ணெய்க் குழாய், சூடாக இருக்கிறதென்று பெண்கள் அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள். கிணற்றுப் பக்கம் இரவு பகலாக நெருப்பு எரிகிறது, கூரையில் விழும் மழை கறுப்பாக வடிகிறது. எண்ணெய் மலையேறிக் கப்பலுக்குப் போகிறது, அதன் மேலே குடியிருப்பவன் கொக்கோவும் பாம் எண்ணெய் மரமும் நட்டு நல்ல தண்ணீருக்கு அலைகிறான். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு இது புதினமில்லை. எல்லை ஆறுதான் புதிது. குழாயில் துளை போட்டுக் களவெடுக்கும் பெட்ரோல் அக்கரைக்குக் கொக்கைன் காய்ச்சப் போகிறது என்றும், அதற்காக இந்தக் கரையில் ஆட்களை வெட்டி ஆற்றில் விடுகிறார்கள் என்றும் நீதான் சொன்னாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கம்பனிக் காவல்காரர் இரண்டு பேரை யாரோ சுட்டுவிட்டார்கள், அதனால் சனிக்கிழமை கம்பனிக்காரர் ஊரையே பந்து விளையாடும் மைதானத்தில் நிறுத்தப் போகிறார்கள், பம்ப் மெக்கானிக்கான உனக்கு ஊராட்களைத் தெரியுமென்று கறுப்புக் கண்ணாடி வாகனத்துக்குள் இருந்து ஆளைக் காட்டச் சொல்கிறார்கள். நீ என்ன சொன்னாய்? "அந்தக் கொக்கோத் தோட்டத்து ஆள் ஒரு பாவமும் அறியாதவன்ப்பா, அவனைக் காட்டினா விசாரிச்சிட்டு விட்டுருவாங்க, எனக்கும் தொல்லை இல்ல" என்றாய். சிரிக்கவும் செய்தாய்.

மகன், இதே கணக்கை நான் போட்டிருக்கிறேன். தொண்ணூற்றைந்தில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து கொழும்புக்கு மேலே புகை நின்ற ஐப்பசி, உனக்கு மூன்று வயது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னைச் சீருடை இல்லாதவர்கள் வேனில் போட்டார்கள். நாலு நாள் தலைகீழாகக் கட்டி, மண் நிரப்பிய குழாயால் அடித்தார்கள். என் வலது கை கோணியது மூட்டை விழுந்ததால் அல்ல. ஐந்தாம் நாள் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, கிராண்ட்பாசில் ஒரு மைதானத்தில் வாகனத்துக்குள் இருத்தினார்கள். ஒருத்தனுக்காவது தலையாட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வரிசையில் கொண்டுவந்து காட்டிய அறுபது பேருக்கு நான் ஆட்டவில்லை. அப்புறம் சவுந்தரநாயகம் வந்தார். புடைவைக் கடைக் கிளார்க், தோட்டத்தில் இருந்த என் தகப்பனுக்கு என் கடிதமெல்லாம் எழுதித் தந்த யாழ்ப்பாணத்து மனுஷன். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, முதலாளி கடிதம் எல்லாம் சரியாக வைத்திருப்பவர். இவரை ஒரு மணி நேரத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். குற்றமில்லாதவர் என்பதற்காகவே ஆட்டினேன். துவக்குப் பிடியால் வாயில் ஒரு அடி, பல் தெறித்து என் வாகனத்துக் கண்ணாடியில் பட்டது. விழுந்தவரைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

இதையும் எழுதவா ஐயா என்று டீச்சர் கேட்கிறார். எழுதுங்க மகள் என்றேன்.

நேற்றுமுன்தினம் வெள்ளவத்தைக்குப் போய் அவர் மனைவி நேசத்திடம் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லுமுன் அவருக்குச் சொல்லவேண்டும் என்று பட்டது. அடிப்பார், கத்துவார் என்று நின்றேன். கதவைப் பிடித்தபடி, "அண்டைக்கு அவர் என்ன சட்டை போட்டிருந்தவர்?" என்று கேட்டார். அந்தக் கிழமை நேசம் ஊரில் இருந்தாராம், புருஷன் என்ன உடுத்திப் போனார் என்று காணவில்லையாம். மஞ்சள் கோடு போட்ட அரைக்கைச் சட்டை, இடது பையில் மைக்கறை என்றேன். "விசாரணைக்குப் போன இடமெல்லாம் கேட்டவங்கள். ஒருக்காலும் என்னால சொல்ல ஏலாமப் போச்சு" என்றார். பிறகு, "இனி இஞ்ச வராதேங்கோ" என்று கதவைச் சாத்தினார். முப்பது வருஷமாக அந்தச் சட்டை என்னிடம்தான் இருந்திருக்கிறது, மகன்.

கொக்கோக்காரனிடம் இன்றைக்கே சொல், பெண்சாதி பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போகட்டும். பிறகு நீ தலைநகருக்குப் பஸ் ஏறு. பாஸ்போர்ட் கம்பனியிடம் இருந்தால் இருக்கட்டும், உயிர் அவர்களிடம் இல்லை. கொதித்த தண்ணீர் மட்டும் குடி. அம்மன் உன் தலைக்குமேல் நிற்பாள், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சனிக்கிழமை அந்த மைதானத்தில் நீ இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
சவுந்தரநாயகத்துக்குத் தலையாட்டிய உன் அப்பா,
பெரியதம்பி.