லேபிள் இல்லாத பாக்கெட்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கணினி வலையில் லேபிள் இல்லாமல் வந்து நிற்கும் ஒரு தகவல் பாக்கெட் யாருடையது? இருபது வருடமாகப் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டும் நிரல் எழுதும் இந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் யாருக்குமே தெரியாது. உன் ஆஸ்பத்திரியில் மட்டும் எப்படித் தெரிந்தது?

போனில் கேட்டிருக்கலாம். நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உனக்கு "அக்கா, இன்னொரு கால் வருது" வந்துவிடும். மெயிலில் எழுதினால் ஆபீசில் நாலு பேர் படிப்பார்கள் என்று பயப்படுவாய். அதனால்தான் காகிதம். உட்கார்ந்து படி.

நேற்று அம்மா பேசினாள். "ஊசிக்காரியைக் காணோம்டி. வேற எவளோ வந்து மூணு இடத்துல குத்திட்டு நரம்பு கிடைக்கலைங்கறா. நான் என்ன சல்லடையா?" ரத்தம் எடுக்கும் அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். "உன் தம்பியைக் கேட்டா சாப்பிடற தட்டையே பாக்கறான்" என்றாள். அம்மாவிடம் அவள் நம்பர் இருந்தது. நானே பேசினேன்.

ஒரு பள்ளி ஆசிரியையின் ரத்தப் பரிசோதனை முடிவு, அவர் கைக்கு வரும் முன்பே அவருடைய பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போயிருக்கிறது. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முடிவை வெளியே விட்டது யார் என்று உங்கள் ஆஸ்பத்திரி தேடியிருக்கிறது. அதை எடுத்த இணைப்பின் மேல் 'ஆய்வகம்' என்ற லேபிள் இருந்ததாம். அது எடுக்கப்பட்ட மதியம் ஆய்வகப் பணியில் இருந்தது ஊசிக்காரி ஒருத்திதானாம். தீர்ந்தது. சஸ்பெண்ட்.

அவள் என்னிடம் அழவில்லை. "மேடம், நான் அப்ப டிபன் பாக்ஸ் கழுவிட்டு இருந்தேன். அதுக்கு எங்கே போய் சாட்சி தேடறது?" என்று மட்டும் கேட்டாள்.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தவன் மாதிரி நீ நடந்துகொள்ளவில்லை. ஒரு நிரல் வலையோடு பேச சாக்கெட் என்ற ஒரு வாசலைத் திறக்கிறது. அந்த நிரல் எந்தப் பிரிவுக்குரியதோ அந்த லேபிளை, இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல், சாக்கெட்டின் மேல் ஒட்டுகிறது. அதிலிருந்து கிளம்பும் பாக்கெட்டெல்லாம் அந்த லேபிளோடு போகின்றன. எதிர்முனையில் உள்ள கெர்னல் லேபிளைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. லேபிளே இல்லாமல் வருவதை என்ன பெயரில் வைத்துக்கொள்வது என்று உன்னைப் போன்ற கணினி நிர்வாகி சொல்லவேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் நான் அமைத்துக்கொடுத்தபோது 'அந்நியம்' என்று வைத்தேன். அந்நியம் எதையும் தொட முடியாது.

போன வருடம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "பழைய ரத்த அனலைசர் லேபிள் ஒட்ட மாட்டேங்குதுக்கா. லேபிள் இல்லாம வர்றது எல்லாமே ஆய்வகம்னு சர்வர் செட்டிங்ல ஒரே வரி எழுதிப் போட்டுட்டேன். வேலை முடிஞ்சுது." நான் கத்தினேன். "ஒரு வாரம்தான்க்கா, புது மெஷின் வருது" என்றாய். புது மெஷின் வந்து வருடம் ஆகப்போகிறது.

அந்த வரி இன்னும் இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 9

என் அன்பு அக்கா சட்டத்துக்கு,

இந்தப் பெயரை உனக்கு வைத்தபோது எனக்கு ஏழு வயது. இன்றுவரை மாற்ற அவசியம் வரவில்லை. தபாலில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் மகள், "அப்பா, அத்தை உங்க மேல கேஸ் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். படித்து முடித்தபின் அவள் கேட்டது சரிதான் என்று தோன்றியது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளித்துவைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறாள். நீ வந்து உன் கெர்னலை அந்த அலமாரியில் பொருத்தினால் நல்லது.

சரி, விஷயம். ஆம். அந்த வரி இருக்கிறது.

நீ என் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வலையில் அனலைசரின் முகவரி தினமும் மாறியது. தினமும் காலையில் ஆய்வகத்திலிருந்து ஒரு கூச்சல், வார்டிலிருந்து ஒரு கூச்சல், டைரக்டர் அறையிலிருந்து பெரிய கூச்சல். அதனால்தான் பொதுவாகப் போட்டேன். பிறகு மறந்துவிட்டேன். ஞாபகம் வந்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. எது எதெல்லாம் அந்த வரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஓடிக்கொண்டிருப்பதை எவன் தொடுவான்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லேபிள் இல்லாததற்குப் பெயர் வைக்கும் வசதியைக் கொடுத்ததே உன் ஆட்கள்தானே? வசதி இல்லையென்றால் நான் எப்படி அந்த வரியைப் போட்டிருப்பேன்?

ஊசிக்காரி நல்ல பெண். கையில் திறமை இருக்கிறது. வேறு ஆஸ்பத்திரியில் உடனே சேர்ந்துவிடுவாள். பதினெட்டாம் தேதி விசாரணை ஒரு சம்பிரதாயம். நான் எழுந்து நின்று ஒப்புக்கொண்டால் என் வேலை போய்விடும். அதில் யாருக்கு என்ன லாபம்?

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பிஸ்கட் டப்பாவுக்குச் சிரித்தேன். அதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவாளாம். நோயாளியின் ரகசியத்தை வெளியே கொடுத்தவள் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்ட பெண்ணை எந்த ஆஸ்பத்திரி சேர்க்கும்? நீ சேர்ப்பாயா? நீ செய்தது என்ன தெரியுமா? தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று ஆய்வகத்து வெள்ளைக் கோட்டை மாட்டி உள்ளே அனுப்பினாய். ஏதோ ஒரு வெள்ளைக் கோட்டு திருடிக்கொண்டு போனது. உடனே, சொந்தக் கோட்டு வைத்திருந்த ஒரே ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாய்.

வசதி கொடுத்தது நாங்கள்தான். லேபிள் என்றால் என்னவென்றே தெரியாத பழைய இயந்திரங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பெயரை ஒரே ஒரு கம்பி வழியாக வருவதற்கு மட்டும் கொடுக்கலாம். அனலைசர் செருகியிருந்த கம்பிக்கு. முகவரிதானே தினமும் மாறியது, கம்பியுமா மாறியது? அதே ஒரு வரிதான், நாலு எழுத்து கூடுதலாக அடித்திருக்க வேண்டும். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவரின் செல்போன் வரைக்கும் 'ஆய்வகம்' என்று பெயர் சூட்டியது எங்கள் வசதி இல்லை, உன் சோம்பல்.

அந்த முடிவை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. உள்ளே வந்தவர்கள் எல்லோருக்கும் நீ ஒரே பெயரை வைத்துவிட்டாய். ஊசிக்காரி எடுக்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் எடுத்தாள் என்று சொல்ல உங்களிடம் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆம், சொல்லப்போகிறேன். விசாரணைக்கு அவள் தன் தரப்பில் ஒருவரை அழைத்து வரலாமாம். என்னைக் கேட்டாள். ஒப்புக்கொண்டேன். எதிர்த் தரப்பில் நீ உட்கார்ந்திருப்பாய் என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் நீ சொல்லிவிடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 15

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன். விசாரணைக்கு முந்தின நாள் மாலை, எல்லோரும் வீட்டுக்குப் போனதும், அந்த வரியை எடுத்துவிடுவேன். லேபிள் இல்லாதது மறுபடி 'அந்நியம்' ஆகிவிடும். நீ கேட்டது அதுதானே? இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நீ வராதே. வந்து என்ன விளக்கினாலும், அங்கேயே ஒரு செல்போனை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். உள்ளே போகாது. படித்த பொம்பளை ஒருத்தி வந்து கதை விடுகிறாள் என்பார்கள். உன்னை அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

தம்பி


மார்ச் 18, லாட்ஜ்

தம்பிக்கு,

காய்ச்சல் என்று சொல்லி நீ வரவில்லை. அம்மா என்னைப் பார்க்க இங்கே வந்திருக்கிறாள். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நெத்தி குளுகுளுன்னு இருக்கு. மூஞ்சிதான் காய்ச்சல்காரன் மாதிரி இருக்கு" என்றாள். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீட்டு மேசை. ஒரு முனையில் டைரக்டர், பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து வரவழைத்த வக்கீல் அம்மா, உன் இடத்தில் உன் உதவியாளர். எதிரே நானும் ஊசிக்காரியும். நான் இருபது நிமிடம் பேசினேன். நீ சொன்னபடியே நடந்தது. உன் உதவியாளர் தன் செல்போனை வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. டைரக்டர் என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சிரித்தார்.

"மேடம், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. இருந்தாலும் பாருங்க, போகலையே."

நீ ஆள் வராமலே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாய். அந்த நிமிடம் உன்மேல் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் டைரக்டர், அந்த ஆசிரியையின் முடிவு எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று தானே காட்டுவதாகச் சொல்லித் தன் டேப்லெட்டை எடுத்தார். தட்டினார். மறுபடி தட்டினார். துடைத்துவிட்டுத் தட்டினார்.

"என்னய்யா இது? நேத்து சாயந்திரம் வரைக்கும் வந்துச்சே!"

உன் உதவியாளர் எழுந்து நின்றுவிட்டார். "சார்... உங்க டேப்லெட் லேபிள் போடாது சார்."

"போடாமலா இத்தனை நாள் வந்துச்சு?"

வக்கீல் அம்மா பேனாவை மூடி வைத்தார். "ஒரு சின்ன சந்தேகம். நேத்து வரைக்கும் சார் இதுல பார்த்தப்பல்லாம், பதிவுல என்ன பேர்ல விழுந்திருக்கும்?"

உதவியாளர் தரையைப் பார்த்தார். "ஆய்வகம்னுதாங்க."

"அப்படின்னா அன்னைக்கு மதியம் ஆய்வகம்னு விழுந்தது, சார் பார்த்ததாக்கூட இருக்கலாம், இல்லையா?"

அப்போதுதான் ஊசிக்காரி முதன்முறையாக வாயைத் திறந்தாள். "சாரும் டிபன் பாக்ஸ் கழுவிட்டு இருந்திருப்பார், மேடம்."

வக்கீல் அம்மா சிரிப்பை இருமலாக்கினார்.

அதற்குமேல் தோண்ட டைரக்டருக்கு விருப்பமில்லை. அரை மணியில் முடிவு வந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் விட்டார்கள்: தொழில்நுட்பக் கோளாறு. பணி இடைநீக்கம் ரத்து. எவருடைய தவறும் அல்ல.

எவருடைய தவறும் அல்லவாம்! வரி தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. காண்டீனில் காபி வாங்க நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "எடுத்தது அவதான்ப்பா. பெரிய இடத்துல ஆள் பிடிச்சுத் தப்பிச்சுட்டா." அந்தப் பெரிய இடம் நான்தான். திரும்பிப் பார்த்தேன், அவர் சர்க்கரை போடத் தொடங்கினார். நாளை அவள் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்கு வரவேண்டும். அந்தத் தாளில் செய்தவர் பெயர் இல்லாத வரைக்கும் எல்லோரும் அங்கே அவள் பெயரைத்தான் படிப்பார்கள்.

கலைந்து போகும்போது வக்கீல் அம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "அந்த வரியைப் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றார். "போட்டவரே சொல்வார்" என்றேன். நான் பொய் சொல்கிற வழக்கமில்லை. அது பொய்யாகாமல் இருப்பது இப்போது உன் கையில்.

நாளைக் காலை அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு நான் அழைத்துப் போகிறேன். மதிய பஸ்ஸில் கிளம்புகிறேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன்.

அக்கா


மார்ச் 19

தம்பிக்கு,

இன்று நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஆய்வகத்துக்குப் போகும் வழியில் அறிவிப்புப் பலகையைச் சுற்றிக் கூட்டம். நேற்றைய தாள்தான். 'எவருடைய தவறும் அல்ல' என்பதற்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது: "லேபிள் இல்லாத எல்லாவற்றுக்கும் ஆய்வகம் என்று பெயர் வைத்தது நான். எடுக்காமல் விட்டதும் நான். ஆய்வகத்தில் இருந்தவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை." கீழே பதவி, கையெழுத்து, தேதி. நேற்று காண்டீனில் சர்க்கரை போட்டவர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். "இது நம்ம வீட்டுக் கிறுக்கல் மாதிரி இருக்கே?" என்றாள். ஆமாம் என்றேன்.

உள்ளே ஊசிக்காரி இருந்தாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. பஞ்சை வைத்து அம்மாவின் கையை மடக்கிவிட்டாள்.

உன்னை டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டிருப்பதாக உன் உதவியாளர் சொன்னார். அறைக் கதவு மூடியிருந்தது. அம்மாவால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

மதிய பஸ்ஸை விட்டுவிட்டேன். உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று மணி தாண்டிவிட்டது, நீ இன்னும் வரவில்லை. உனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.

அக்கா