இடது பக்கம் ஒடிச்சா வலது பக்கம்

வெண்பா அப்பாவுக்கு,

வேற எங்க வெச்சாலும் உங்க கண்ணுல படாதுன்னு இந்தச் சீட்டை டிராக்டரு ஸ்டீயரிங்லயே சொருவியிருக்கேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பு மேல இருக்குது. வூட்டுச் சாவி எதிர்வூட்டு அமீர் நிஷா அக்காகிட்ட. வாங்கப் போறப்ப மன்னிப்பும் கேட்டுடுங்க.

மெக்கானிக்கு எதுக்கு, போன்ல வீடியோ பார்த்தே ஸ்டீயரிங்கைச் சரி பண்றேன்னீங்க. பண்ணீங்க. இப்ப இடது பக்கம் ஒடிச்சா டிராக்டர் வலது பக்கம் போவுது. சூளைக்குப் போட அக்கா காய வெச்சிருந்த மண் பொம்மையெல்லாம் சக்கரம் ஏறி மாவாப் போச்சு. "ஓட்டிப் பழகினா சரியாப் பூடும்"னு அவங்ககிட்டயே சொல்றீங்க! தலைகீழா மாட்டிட்டேன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? நான் பக்கத்துல நின்னு பேசித்தான் கெட்டுப்போச்சாம்.

கருவேப்பிலங்குறிச்சி மெக்கானிக்கு நாளைக்கு வருவாரு. அவர்கிட்டயாவது, வண்டி வாங்கினதுலேருந்தே இப்பிடித்தான்னு சொல்லாதீங்க. நீங்க மாட்டாம மிச்சம் வெச்ச வாஷரெல்லாம் உப்பு ஜாடி பக்கத்துல இருக்குது.

நான் திட்டக்குடிக்கு, தங்கச்சி வூட்டுக்குப் போறேன்.

வளர்மதி

இன்னொண்ணு. இத்தினி வருஷமா நான் எது சொன்னாலும் நேர் எதிராத்தான் பண்றீங்க, இந்த டிராக்டரு மாதிரியே. அதனால நல்லா யோசிச்சே எழுதுறேன்: ஞாயித்துக்கெழமை காலையில பஸ்ஸைப் புடிச்சு என்னைக் கூப்பிட வந்துடாதீங்க.