பசை போட்டு ஒட்டிய பொத்தான்கள்

மகளே பாலின்,

விலாங்குமீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

நேற்று தேவாலயத்தில், அறுவடை ஆராதனையில் நான் குனிந்ததும் உடம்பெல்லாம் சிப்பிப் பொத்தான் தைத்த என் ராஜா கோட்டிலிருந்து ஆறு பொத்தான்கள் உதிர்ந்தன. லண்டனில் நம் பக்கத்து ஹாக்னி பேட்டையின் பொத்தான் ராஜா ஆர்ச்சி எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்னண்ணே, உங்க கோட்டுக்கும் இலையுதிர் காலம் வந்துருச்சா?"

வீட்டில் பார்த்தால், பொத்தான்களின் பின்னால் பசை. நான்கு தலைமுறையாக நம் பேட்டையின் பொத்தான் ராஜா பட்டம் ஏற்று, அந்தக் கோட்டோடு தெருவில் தர்மத்துக்குக் காசு திரட்டிய நம் வீட்டு ராஜாக்கள் தங்கள் கோட்டைத் தாங்களே தைத்தவர்கள். ஒருவரும் ஒட்டியதில்லை. அதனால்தான் உன்னைத் திட்டினேன்.

"உங்க கை நடுங்குதுப்பா, அதான் ஒட்டினேன்" என்றாயே, பொத்தான்கள் உதிர்ந்ததைவிட அதுதான் என்னை உலுக்கிவிட்டது. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அப்பா

பி.கு: ஆறு ஊசிகளில் நூல் கோத்து வை. தைப்பது நான்தான்.